இயந்திரத்துக்கும் ஒரு வாய்பாடு



இவ்வலைப்பதிவில் பெரும்பாலும் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, செய்யுளும் மொழியணியும் என்றே எழுதி வருகிறேன். இம்முறை மகிழுந்து இயந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். ‘ஆசிரியருக்கு என்ன ஆயிற்று?’ என்று எண்ண வேண்டா. எழுதத் தூண்டியவர்கள் நம் பெற்றோர்தாம்.

ஜாசின் வட்டாரத்தில் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தால், இளைய பிள்ளையின் தேர்ச்சியைக் கேட்டு முடித்த பிறகு தாய்மார் சிலர் எழுந்து போகத் தயங்குவார்கள். பிறகு மூத்தவனைப் பற்றிய முறையீடு வரும். “சார், சம்பளத்தை எல்லாம் காடியிலேயே கொட்டுறான். போன மாசம் ஏதோ ஸ்கிரீன் வாங்கி மாட்டினான். இந்த மாசம் கம்ப்யூட்டராம். ஓடுற காடிக்கு எதுக்கு சார் இன்னொரு கம்ப்யூட்டர்? உங்க பழைய மாணவன்தானே, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

கேள்வி நியாயமானது. அறிவுரை சொல்வதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா? பெம்பானுக்கும் மெர்லிமாவுக்கும் இடையே ஒரு பட்டறையில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவனைத் தேடிப் போனேன். ஒரு விடுமுறை நாளில் தொடங்கிய அந்த உரையாடல், பல விடுமுறை நாள்களுக்கு நீண்டது.

முதலில் பழைய கதை. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கன்சிலிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். அதில் கணினி ஏதும் இல்லை. என் மாணவனின் தந்தை செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தம் கன்சிலைத் தாமே பழுது பார்ப்பார். சிறு திருப்புளியால் கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று முடுக்குவார், காது கொடுத்துக் கேட்பார், சற்றே தளர்த்துவார். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. இயந்திரம் சூடேறிக் கெடும். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத அந்த மனிதர் இயந்திரத்தை வாசிக்கத் தெரிந்தவர்.

திருகின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது படிப்படியாக நடந்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் வண்டிகளில் கொண்டு வந்தது. 1979-இல் அதே நிறுவனத்தின் மோட்ரோனிக், பெட்ரோலின் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் ஒரே கணினியின் பொறுப்பில் விட்டது. இன்று நம் ஊரில் ஓடும் மைவியிலும் அத்தகைய கணினி ஒன்று இருக்கிறது. வாங்கியவர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

சிக்கல் தொடங்குவது, வாங்கிய இயந்திரம் வாங்கியபடியே இல்லாதபோதுதான். நம் இளைஞர்கள் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் பழைய வண்டிகளின் இயந்திரத்தை எடுத்து வேறு வண்டியில் பொருத்துகிறார்கள். இவற்றை ஹாப்கட் என்பார்கள். சிலர் டர்போ சேர்க்கிறார்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாக்குகிறார்கள். தொழிற்சாலை எழுதி வைத்த கணக்கு இந்தப் புதிய உடம்புக்குப் பொருந்தாது. அப்போதுதான் இன்னொரு கணினி தேவைப்படுகிறது. இதில் இருவகை உண்டு. பழைய கணினியை அப்படியே விட்டு, அதற்குப் போகும் செய்தியையும் அதிலிருந்து வரும் கட்டளையையும் இடைமறித்துத் திருத்துவது ஒருவகை. தென்னாப்பிரிக்காவின் யூனிசிப் இந்த வகை. பழையதை நீக்கிவிட்டு முழுப் பொறுப்பையும் ஏற்பது மற்றொரு வகை. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோட்டெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

“உள்ளே என்னதான் இருக்கிறது?” என்று கேட்டேன். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினான். எனக்கு நன்கு பழக்கமான ஒன்று தெரிந்தது. வாய்பாட்டு அட்டவணை!

மேலிருந்து கீழாக ஒரு வரிசை எண்கள், இடமிருந்து வலமாக ஒரு வரிசை எண்கள். நாம் இரண்டாம் ஆண்டு வகுப்பின் சுவரில் ஒட்டி வைப்போமே, அதே அமைப்பு. ஒரு பக்கம் இயந்திரம் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது. மறுபக்கம் உள்ளே போகும் காற்றின் அழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் எண், எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிக்கிறது. பதினாறுக்குப் பதினாறு என்றால் 256 கட்டங்கள். தீப்பொறி விழ வேண்டிய நேரத்துக்குத் தனியே இன்னோர் அட்டவணை. இவற்றை ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துத் திருத்துவதைத்தான் பட்டறையில் ‘டியூனிங்’ என்கிறார்கள். பண் இசைப்பதற்கு முன் யாழுக்குச் சுருதி கூட்டுவது போன்றது. ஆதலால் சுருதி கூட்டல் என்றே சொல்லலாமே என்று தோன்றிற்று. மாணவன் சிரித்துக்கொண்டான்; ஏற்றுக்கொள்ளவில்லை.

இயந்திரம் 3,200 சுற்றில் ஓடும்போது அட்டவணையில் 3,000-க்கும் 3,500-க்கும்தான் எண் இருந்தால் என்ன செய்வது? 3,000-இல் 60, 3,500-இல் 70 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 500, நாம் கடந்திருப்பது 200, ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே விடை 64. கணினி இதை இரு திசையிலும் செய்கிறது, அதுவும் எவ்வளவு விரைவாக! நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. நான்கு உருளைகள் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உருளைகள் தீப்பற்றும். நொடிக்கு 200 முறை. ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவன் 2003-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவன். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் பள்ளிகளில் தொடங்கிய ஆண்டு அது. வீட்டில் தமிழும் விளையாட்டுத் திடலில் மலாயும் பேசிய பிள்ளை, பின்னத்தையும் விகிதத்தையும் வேற்று மொழியில் கேட்டு விழித்தான். யூ.பி.எஸ்.ஆர். கணிதத்தில் அவன் பெற்ற புள்ளியை இங்கே எழுதப் போவதில்லை. ‘மெதுவாகக் கற்கும் மாணவன்’ என்ற முத்திரை மட்டும் இடைநிலைப்பள்ளி வரை கூடவே போயிற்று. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது, முத்திரை குத்தும் பழக்கம் நீங்கியதாகத் தெரியவில்லை.

விகிதத்தை அவன் எங்கே கற்றான் தெரியுமா? காட்டுத்திரையில். ஆசிரியர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகைபோக்கிக் குழாயில் ஓர் உணரியைப் பொருத்தினால், எரிந்த புகையை வைத்தே கலவையின் விகிதத்தைச் சொல்லிவிடும். தந்தை பிளக்கின் நிறத்தில் பார்த்ததை மகன் எண்ணாகப் பார்க்கிறான். முழு வேகத்தில் டர்போ இயந்திரத்துக்கு 14.7 ஆகாது. 12-ஐ ஒட்டி அல்லது அதற்கும் கீழே வைத்து, மிகுதிப் பெட்ரோலால் உள்ளறையைக் குளிர்விக்க வேண்டும். எண் குறைந்தால் பெட்ரோல் கூடுகிறது; எண் கூடினால் பெட்ரோல் குறைகிறது. எதிர் விகிதம்! நம் மாணவர்கள் தேர்வில் தடுமாறும் அதே இடம். அவனுக்கோ அது தடுமாற முடியாத இடம். தவறினால் சிவப்பு மைக் கோடு விழாது, பிஸ்டன் உருகும்.

உருகியும் இருக்கிறது. அவன் நண்பர்களுள் ஒருவன், தன்னுடையதைப் போன்றே இயந்திரம் வைத்திருந்த இன்னொருவனிடமிருந்து அட்டவணைக் கோப்பை விரலியில் வாங்கி வந்து தன் கணினியில் அப்படியே ஏற்றிக்கொண்டான். ‘ஒரே இன்ஜின்தானே’ என்பது அவன் எண்ணம். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் கொடுத்தவனுடைய இன்ஜெக்டர் நிமிடத்திற்கு 550 சிசி பீய்ச்சுவது, வாங்கியவனுடையது 440. அதே நேர அளவு திறந்தாலும் ஐந்தில் நான்கு பங்கு பெட்ரோல்தான் வரும். அங்கே 12 ஆக இருந்த விகிதம் இங்கே 15 ஆயிற்று. முழு அழுத்தத்தில், தேசிய நெடுஞ்சாலையில். ஜாசின் டோல் சாவடியைத் தாண்டுவதற்குள் கதை முடிந்தது. இயந்திரம் வாங்கிய கடனை அவன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான், இயந்திரம்தான் இல்லை.

பக்கத்து மேசையைப் பார்த்து விடை எழுதிய பிள்ளைகளை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்! பட்டறையில் கேட்ட இக்கதையை என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னேன். ‘பார்த்து எழுதாதே’ என்று நான் சொன்ன எந்த அறிவுரைக்கும் இல்லாத அமைதி வகுப்பில் நிலவியது.

இனி, தாய்மார் கேட்ட அந்தத் திரை. முன்பெல்லாம் வேகப்பித்துக் கொண்டவர்களின் வண்டியில் முன்கண்ணாடியின் ஓரத்தூணில் மூன்று வட்ட மானிகள் அடுக்கி இருக்கும். ஜப்பானின் டெபி மானிகள் என்றால் தனிப் பெருமை. ஒவ்வொன்றுக்கும் தனி உணரி, தனிக் கம்பி. இப்போது அந்த இடத்தில் ஏழு அங்குலத் திரை ஒன்று போதும். இயந்திரக் கணினிக்குத் தெரிந்ததெல்லாம், முறுக்கிய இரண்டே கம்பிகளின் வழியே திரைக்கு வந்துவிடும். போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் எனும் தொடர்பு முறை அது. எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், காற்றழுத்தம், கலவை விகிதம், வேகம் என்று ஐம்பது எண்களை வேண்டுமானாலும் காட்டலாம்.

காட்டலாம் என்பதற்காகக் காட்ட வேண்டுமா? சில வண்டிகளில் அந்தத் திரை தீபாவளிக் கடைத்தெருவைப் போல் மின்னுகிறது. நண்பர்களுக்குக் காட்டத்தான் அது. என் மாணவன் அமைக்கும் திரையில் மூன்று எண்கள்தாம் பெரிதாக இருக்கும். மற்றவை மறைந்திருக்கும், எல்லை மீறினால் மட்டுமே சிவப்பாக எழுந்து வரும். “மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கண்ணை எடுத்தால் இருபத்தெட்டு மீட்டர் பார்க்காமலே போயிடுவோம், சார்” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. திரையில் ஓடிய எண்களையெல்லாம் கணினி பதிவு செய்துகொள்கிறது. ஓட்டும்போது படிக்க வேண்டியதில்லை. ஓட்டி முடித்து, நிழலில் உட்கார்ந்து, வரைபடமாக விரித்துப் படிப்பதே வேலை. எங்கே விகிதம் ஏறியது, எந்தக் கட்டத்தைத் திருத்துவது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறான். மாணவர் அடைவுநிலைப் பதிவுகளை நிரப்பி நிரப்பிக் களைத்துப் போன ஆசிரியர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது புரியும்.

2002-இல் உலகப் புரொடக்‌ஷன் ரேலி வாகையரானார் நம் நாட்டின் கரம்ஜிட் சிங். ஓட்டிய வண்டி புரோட்டோன் பெர்ட். அவர் அருகில் அமர்ந்து வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தவர் அலன் ஓ. ஓட்டுநரின் கண் சாலையில், செய்தி காதில். நல்ல திரை ஒன்று, அலன் ஓவைப் போல், வேண்டியதை வேண்டிய நேரத்தில் மட்டும் சொல்ல வேண்டும் என்று பட்டறையில் பேசிக்கொண்டோம்.

விலையுயர்ந்த பெட்டி வாங்கினால் வண்டி பறக்கும் என்று நம்பும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. 2008-இல் பார்முலா 1 பந்தயத்தில் எல்லா அணிகளும் ஒரே இயந்திரக் கணினியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. மெக்லாரன் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், மைக்ரோசாப்ட்டுடன் சேர்ந்து அதை வழங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் சிப்பாங்கில் நடந்த மலேசியப் போட்டியிலும் பெட்டி எல்லாருக்கும் ஒன்றே. வென்றது பெராரியின் கிமி ரைக்கோனன். மூன்றாண்டுகளுக்கு முன், 2005-இல், நம் தமிழ்ப்பிள்ளை ஒருவர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஜோர்டன் வண்டியை அதே தடத்தில் ஓட்டியபோது நம் வட்டாரமே பெருமைப்பட்டது வேறு கதை. அந்தப் பந்தயம் 2017-உடன் நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. சிப்பாங் தடம் இருக்கிறது; பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள்களும் உண்டு.

பெற்றோருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மகன் வண்டியை எங்கே ஓட்டிப் பார்க்கிறான் என்று கேளுங்கள். பட்டறையில் உருளையின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் பொறி இருக்கிறது. பந்தயத் தடம் இருக்கிறது. மெர்லிமாவ் சாலையில் நள்ளிரவில் என்றால், சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். அங்கே மிதிவண்டியில் போகும் முதியவருக்கு எந்தக் காட்டுத்திரையும் எச்சரிக்கை காட்டாது. இயந்திரத்தை மாற்றினால் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். மாற்றத்தை மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. பெட்ரோலும் அப்படித்தான். ரோன் 97-க்குச் சுருதி கூட்டிய இயந்திரத்தில் விலை குறைவென்று 95-ஐ நிரப்பி முழு மிதி மிதித்தால், கலவை முன்கூட்டியே வெடித்து உள்ளே சுத்தியலடி விழும். இவற்றைக் கேட்கும்போது மகன் பொறுமையாக விளக்கினால், அவன் தொழில் கற்கிறான் என்று பொருள். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று எழுந்து போனால், அந்தப் பெட்டியின் தவணையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கலாம்.

தொழில் என்று சொன்னேன். அதைத் தொழிலாகவே பார்க்க நம் வீடுகளில் இன்னும் மனம் வரவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், அதற்கடுத்து ஆசிரியர். பட்டறை என்றால் ‘படிப்பு வரவில்லை’ என்று பொருள். ஜாசின் மாவட்டத்திலேயே மெர்லிமாவ் போலிடெக்னிக் இருக்கிறது. செலண்டாரில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. மாநிலத்தில் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், யூடெம், டுரியான் துங்கலில் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் இப்பெயர்களை எத்தனை பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு இரட்டை அட்டவணையில் இடைமதிப்புக் காணும் பிள்ளைக்குக் ‘கணக்கு வராது’ என்று யார் சொன்னார்கள்?

பணம் இல்லாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. ஆர்டுயினோ எனும் சிறு மின்பலகையை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீடுயினோ என்ற இயந்திரக் கணினியின் வரைபடங்களும் நிரலும் எல்லாருக்கும் திறந்தே வைக்கப்பட்டுள்ளன. பற்றவைக்கத் தெரிந்தால் தானே செய்துகொள்ளலாம். என் மாணவன் முதலில் கற்றது அதில்தான். தந்தையின் பழைய கன்சிலில். கார்புரேட்டரைக் கழற்றியபோது தந்தை இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு, கணினி பொருத்திய இயந்திரம் நின்ற நிலையில் ஓடுவதைக் கேட்டுவிட்டு, “மூணாவது உருளை சரியா எரியல” என்று மட்டும் சொன்னாராம். திரையில் எல்லா எண்ணும் சரியாக இருந்தன. கழற்றிப் பார்த்தால் மூன்றாம் இன்ஜெக்டரில் அடைப்பு. புகைபோக்கியில் இருந்த ஒற்றை உணரி மூன்று உருளைகளின் புகையையும் சேர்த்துத்தான் அளக்கும். ஒன்றின் குறையை மற்ற இரண்டும் மறைத்துவிட்டன. அன்று முதல் இயந்திரத்தைக் கிளப்பும்போது தந்தையைக் கூப்பிடுகிறான். சில சனிக்கிழமைகளில் அவர் பட்டறைக்கே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அண்மையில் அவனை என் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு அழைத்திருந்தேன். முதல் பத்து நிமிடம் அவனுக்குக் குரலே எழும்பவில்லை. பிறகு பையிலிருந்து பல் வைத்த இரும்புச் சக்கரம் ஒன்றை எடுத்தான். இயந்திரத்தின் தண்டில் பொருத்தப்படுவது. இதன் பற்களை எண்ணித்தான் கணினி சுழற்சியை அறிகிறது. “இதில் முப்பத்தாறு பல்” என்று சொல்லி மாணவர் கையில் கொடுத்தான். சக்கரம் மேசை மேசையாகச் சுற்றியது. பின்வரிசைச் சிறுமி ஒருத்தி இருமுறை எண்ணிவிட்டுக் கையை உயர்த்தினாள். “அண்ணா, முப்பத்தஞ்சுதான் இருக்கு. ஒரு இடத்துல பல்லே இல்ல.”

“அந்த இடம்தான் முக்கியம். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருந்தா எது முதல் பல்லுன்னு எப்படித் தெரியும்? அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் கணினி ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிக்கும்.”

360-ஐ 36-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்குப் பத்துப் பாகை என்று கரும்பலகையில் எழுதினேன். சக்கரத்தை அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என் அலமாரியின் மேல் இருக்கிறது. அடுத்த வாரம் கோணம் தொடங்குகிறேன்.